ஒட்டிய தாடையும் ஒட்டாத இடுப்பும்

ஆட்டுத்தலை வாங்கிச் சமைப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. சாக்கோட்டையிலோ பக்கத்துப் புதுவயலிலோ ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வாங்கிய தலையைப் பதமாக வேகவைத்தால், கீழ்த்தாடை முன்பற்களுக்கு நடுவே தானே இரண்டாகக் கழன்றுவிடும். கத்தி பட வேண்டியதில்லை. ஆட்டின் கீழ்த்தாடை இடமும் வலமுமாக இரண்டு எலும்புகள். நடுவில் நாரும் குருத்தும் அவற்றைப் பிடித்து நிற்கின்றன. வெந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது.

மனிதருக்கு இதே சங்கதி இடம் மாறி நடக்கிறது. சாக்கோட்டை இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில், 2020ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை முதுமக்கள் தாழிகளையும் எலும்புக்கூடுகளையும் அகழ்ந்தெடுத்தது. அவற்றில் குழந்தையின் எலும்புக்கூடும் உண்டு. இப்படி நெடுங்காலம் மண்ணுக்குள் கிடக்கும் மனிதத் தாடை நொறுங்கலாம், துண்டாகலாம். ஆனால் ஓராண்டைத் தாண்டி வாழ்ந்தவருடைய தாடை என்றால் நடுக்கோட்டில் இரண்டாகக் கழன்று கிடைக்காது. இடுப்பெலும்போ நேர்மாறு. சதையும் நாரும் மக்கியதும், அடிவயிற்றின் கீழே ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு பூப்பெலும்புகளும் விலகிவிடுகின்றன. இடப்பாதி ஒரு பக்கம், வலப்பாதி ஒரு பக்கம். எண்பது வயதில் இறந்தவருக்கும் அப்படித்தான்.

ஒரே உடம்பு, ஒரே நடுக்கோடு, அதில் இரண்டு சந்திப்புகள். ஒன்று பிறந்த முதலாண்டிலேயே எலும்பாகி மூடிவிடுகிறது. மற்றது சாகும்வரை மூடுவதில்லை. இரண்டையும் உடற்கூற்றியலார் ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள்: தாடையில் இருப்பது சிம்பிசிஸ் மென்டி, இடுப்பில் இருப்பது சிம்பிசிஸ் பூபிஸ். ஆனால் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒன்றைத் தலை, கழுத்துப் பாடத்தில் படிக்கிறார். மற்றதை அடிவயிறு, இடுப்புப் பாடத்தில் படிக்கிறார். இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்துப் பார்ப்பது எங்கும் வழக்கமில்லை. நாம் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கண்ணில் படுவது ஒற்றுமை, அதுவும் எதிர்பாராத ஒற்றுமை. கீழ்த்தாடையை மண்டையோட்டோடு சேர்த்துப் பார்த்தால் அது ஒரு வளையம்: காதுகளுக்கு முன்னால் இரண்டு மூட்டுகள், மோவாயில் நடுச்சந்திப்பு. இடுப்பும் வளையந்தான்: முதுகின் அடியில் திருவெலும்பின் இருபுறமும் இரண்டு மூட்டுகள், முன்னால் நடுச்சந்திப்பு. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்ற கணக்கு இரண்டிலும் மாறவில்லை. வளையத்துக்கு உரிய பலவீனமும் இரண்டுக்கும் பொது. இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து மோவாய் தரையில் மோதினால், அடி பட்டது முன்னால் என்றாலும் முறிவு பல வேளைகளில் காதுக்கு முன்னாலுள்ள தாடைக் கழுத்தில் நேர்கிறது. இடுப்பு நசுங்கும் விபத்தில் முன்சந்திப்பு பிளந்து வளையம் விரிந்தால், பின்மூட்டின் நார்களும் கிழிந்திருக்கக்கூடும். வளையம் ஓரிடத்தில் உடைந்திருந்தால் இன்னோர் இடத்திலும் தேடு என்பது தாடை மருத்துவருக்கும் எலும்பு மருத்துவருக்கும் ஒருசேரச் சொல்லித்தரப்படும் விதி. இருவரும் வெவ்வேறு மாடிகளில் வேலை செய்தாலும் கைக்கொள்ளும் தர்க்கம் ஒன்று.

ஆனால் இந்த வளையங்கள் அசைவைப் பங்கிட்டுக்கொண்ட முறை தலைகீழானது. தாடையில் பின்மூட்டுகள் இரண்டும் உடம்பிலேயே மிகச் சுறுசுறுப்பானவை. கீல்போலத் திரும்பவும் செய்யும், முன்னோக்கி வழுக்கவும் செய்யும். பேச்சும் மெல்லலும் அங்கேதான் நடக்கின்றன. முன்சந்திப்பு இறுகிவிட்டது. இடுப்பில் பின்மூட்டுகள் பெயருக்குத்தான் அசைகின்றன. உடம்பின் பளு முழுவதும் அவற்றின் வழியே கால்களுக்கு இறங்குவதால் கெட்டியான நார்கள் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கின்றன. முன்சந்திப்புக்கு மட்டும் சில மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும் குணம் உண்டு.

அடுத்தது காலக் கணக்கு. கருவின் ஆறாவது வாரத்தில், மெக்கல் குருத்தெலும்பு என்னும் சிறு கம்பிக்கு வெளிப்புறமாகத் தாடை எலும்பு உருவாகத் தொடங்குகிறது, இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. பிறக்கும்போது குழந்தைக்கு ஆட்டைப் போலவே இரண்டு தாடை எலும்புகள். கீழ்வரிசை நடுப்பற்கள் இரண்டும் பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்கும் பத்தாவது மாதத்துக்கும் இடையில் முளைக்கின்றன. அவை முளைப்பது அந்தச் சந்திப்பின் இருகரையிலும். அதே மாதங்களில் இரு கரைகளுக்கும் இடையே எலும்பு நிரம்பிவருகிறது. குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டும் பருவமும் அதுவே. முதல் பல்லும் முதல் சோறும் தாடையின் ஒட்டுதலும் ஒரே பருவத்தில் கூடிவருவது எனக்குத் தீராத வியப்பு. எல்லாம் முடிந்தபின் எஞ்சும் தடயம், மோவாய்க்கு மேலே முன்முகத்தில் விரலுக்குக்கூடச் சரியாகத் தட்டுப்படாத ஒரு மெல்லிய வரம்பு மட்டுமே.

இடுப்பில் இதன் எதிர்வரிசை. பிறக்கும்போது ஒவ்வொரு பக்கமும் மூன்று எலும்புகள், நடுவே குருத்தெலும்பு. ஏழெட்டு வயதுக்குள் பூப்பெலும்பும் உட்காரும் எலும்பும் கீழ்ப்புறத்தில் கைகோக்கின்றன. பூப்புப் பருவத்தில் தொடை எலும்பு பொருந்தும் கிண்ணத்துக்குள்ளே மூன்று எலும்புகளும் சேர்ந்து ஒன்றாகின்றன. திருவெலும்பின் ஐந்து முள்ளெலும்புகளும் இளமையிலேயே ஒன்றாகிவிடுகின்றன. ஆக இடுப்பைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஒட்டுதல் நடக்கிறது; நடுக்கோடு மட்டும் தனித்து நிற்கிறது. தாடையில் ஒட்டியது நடுக்கோடு மட்டும். இடுப்பில் ஒட்டாதது நடுக்கோடு மட்டும்.

ஏன் இப்படி? தாடைக்கான விடை மெல்லுதலில் இருக்கிறது. நாம் வலப்பக்கம் மெல்லும்போது இடப்பக்கத் தசைகளும் இழுக்கின்றன. அந்த விசை வலப்பக்கப் பற்களைச் சென்றடைய வேண்டுமானால் நடுச்சந்திப்பைக் கடந்தாக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஹைலாண்டர் குரங்குகளின் தாடையில் அழுத்தமானிகளைப் பொருத்தி, அவை மெல்லும்போது நடுச்சந்திப்பில் என்ன நேர்கிறது என்று அளந்தார். 1984இல் வெளியான அவருடைய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. மெல்லும் ஒவ்வொரு முறையும் இரு பாதிகளும் வெளிப்பக்கமாக விரிய இழுபடுகின்றன, சந்திப்பு வளைகிறது. நாரால் கட்டிய சந்திப்பைவிட எலும்பான சந்திப்பு அந்த இழுப்பைத் தாங்கும். கடினமான உணவை வலுவாக அரைக்கும் குரங்கினங்களின் தாடை முழுமையாக ஒட்டிவிடுவதும், தேவாங்கினத்தில் அது முழுமையாக ஒட்டாமல் நிற்பதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன. நம் தெருக்களில் அலையும் நாட்டுக் குரங்கும் கடவூர் மலைக்காட்டுத் தேவாங்கும் ஒரே பெருங்குடும்பம். மோவாயில் மட்டும் பிரிந்துவிட்டன.

இடுப்புக்கான விடை எல்லோருக்கும் உடனே தோன்றுவது: பிரசவம். மனிதக் குழந்தையின் தலை பெரிது, வழி குறுகியது. சந்திப்பு திறந்திருந்தால் கொஞ்சமாவது நெகிழும். கருவுற்ற பெண்ணுக்கு அந்த இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதைப் பிளவு என்று கருதுகிறார்கள். எளிமையான, அழகான விடை. ஆயினும் இதை அப்படியே ஏற்பதற்கு முன் ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். ஆண்களுக்கும் ஏன் அது மூடுவதில்லை? ஆணின் இடுப்பு வழியாக யாரும் பிறப்பதில்லை. இரண்டு காலில் நடக்கும் உடம்பில், ஒவ்வோர் அடியிலும் இடமும் வலமும் மாறி மாறிப் பளு ஏறுகிறது. அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள நடுவில் மெத்தைபோல ஒன்று தேவைப்பட்டிருக்கலாம். பெண்ணுக்கு இன்றியமையாத அமைப்பை வளர்ச்சிப் பாதை ஒன்றாக இருப்பதால் ஆணும் பெற்றிருக்கலாம். இரண்டுமே இருக்கலாம் என்பது என் எண்ணம். தாடை விஷயத்தில் விசையை அளந்து காட்ட முடிந்ததைப் போல இங்கே ஒரே காரணத்தை அளந்து காட்டுவது எளிதன்று.

தாடைக்கும் விளங்காத ஒரு மிச்சம் உண்டு. சந்திப்பு ஒட்டுவது வேறு, ஒட்டிய இடம் முன்னோக்கிப் புடைத்து மோவாய் ஆவது வேறு. குரங்குகளின் தாடை ஒட்டுகிறது, மோவாய் இல்லை. நியாண்டர்தால் மனிதர்களுக்கும் நம்முடையதைப் போன்ற மோவாய் கிடையாது. நமக்கு ஏன் வந்தது என்பதற்கு மெல்லும் விசை, பேச்சு, முகம் சுருங்கியபோது மிஞ்சிய எலும்பு என்று பல விளக்கங்கள் உலவுகின்றன. எதுவும் வாதத்தை முடித்துவைக்கவில்லை. ஆக இடுப்பில் ஆணின் திறப்பு, தாடையில் மனிதரின் புடைப்பு: இரண்டு சந்திப்புகளிலும் காரணத்துக்குப் பிடிகொடுக்காத ஒரு பகுதி இருக்கிறது.

இப்போது மற்ற விலங்குகளை அழைத்து வருவோம். இங்கேதான் இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறது. தாடை மூடும் அல்லது மூடாது. இடுப்பு மூடும் அல்லது மூடாது. ஆக நான்கு கட்டங்கள். நான்கிலும் ஆள் இருக்கிறார்களா?

முதல் கட்டத்தில் நாம்: தாடை மூடியது, இடுப்பு திறந்தது.

எதிர்க்கட்டத்தில் மாடு. சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாட்டையே எடுத்துக்கொள்ளலாம். சிராவயல் மஞ்சுவிரட்டில் பாயும் காளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இனத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாட்டின் தாடைப் பாதிகள் முழுமையாக எலும்பாவதில்லை. அதன் இடுப்புச் சந்திப்போ வயது ஏற ஏற எலும்பாகிறது. அறுத்த மாட்டின் வயதைக் கணிக்கும் இறைச்சித் தர ஆய்வாளர்கள் அந்தச் சந்திப்பு எவ்வளவு எலும்பாகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். சந்தையில் உயிருள்ள மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்து, பல் போடாதது, இரண்டு பல், நான்கு பல் என்று சொல்வார்கள். முன்வாய்ப் பற்களும் பின்னாலுள்ள சந்திப்பும் இரண்டு முனைகளிலிருந்து ஒரே வயதைச் சொல்கின்றன. பல ஈற்றுக்குப் பிறகும் பசு கன்று போடத்தான் செய்கிறது, சந்திப்பு இறுகியிருந்தும். கன்றின் தலை நீண்டது, முன்னங்கால்களோடு குறுகி வரும். ஆகையால் பிரசவம் என்றாலே திறந்த சந்திப்பு வேண்டும் என்ற முடிவுக்குப் பசு ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவது கட்டம், இரண்டும் மூடியது: குதிரை. செட்டிநாட்டு அய்யனார் கோயில்களில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு உயிருள்ள குதிரையின் எலும்பைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. குட்டி பிறந்த சில மாதங்களிலேயே அதன் தாடை ஒட்டிவிடுகிறது. இடுப்புச் சந்திப்பும் வளர்ந்தபின் படிப்படியாக எலும்பாகிறது. புல்லைத்தான் குதிரையும் தின்கிறது, மாடும் தின்கிறது. ஒன்றின் தாடை மூடி, மற்றதன் தாடை மூடாமல் நிற்பது, ஹைலாண்டரின் விளக்கத்தை எல்லா விலங்குகளுக்கும் ஒரே அளவில் விரித்துவிட முடியாது என்று நம்மை எச்சரிக்கிறது.

நான்காவது கட்டம், இரண்டும் திறந்தது. இதற்குக் கடலுக்குப் போக வேண்டும். நீலத் திமிங்கிலமும் அதன் உறவினங்களும் இரை தேடும்போது வாயை அகலத் திறந்து தம் உடம்பளவு நீரை ஒரே வாயில் வாங்குகின்றன. அவற்றின் இரு தாடை எலும்புகளும் முன்னால் ஒட்டாதவை. வாய் விரியும்போது அவை தனித்தனியே உருளுகின்றன. இடுப்போ பின்னங்கால்களோடு மறைந்துபோய், முதுகெலும்பைத் தொடாத இரண்டு சிறு எலும்புகளாகத் தசைக்குள் மிதக்கிறது. அங்கே ஒட்டுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. திமிங்கிலத் தாடையில் ஒரு புதுமையும் வெளிப்பட்டது. 2012இல் நிக்கோலஸ் பைன்சன் தலைமையிலான ஆய்வாளர்கள் இந்த இனத் திமிங்கிலங்களின் தாடை நடுச்சந்திப்புக்குள்ளே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்த ஓர் உணர்வுறுப்பைக் கண்டார்கள். வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்ற செய்தியை மூளைக்குச் சொல்ல அது உதவுகிறது என்பது அவர்கள் முடிவு. சந்திப்பு மூடியிருந்தால் அங்கே அப்படி ஓர் உறுப்புக்கு வேலை இருந்திருக்காது. திறந்த சந்திப்பை முழுமை பெறாத எலும்பு என்று எண்ணும் பழக்கத்தை இந்த ஒரு கண்டுபிடிப்பு என்னிடமிருந்து அடியோடு நீக்கியது.

நான்கு கட்டங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரினமும் உண்டு: கினிப்பன்றி. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பெரியதாகப் பிறக்கிறது. தாயின் இடுப்புச் சந்திப்பு அந்த நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் விலகி வழிவிடுகிறது. 1926இல் ஃபிரெடெரிக் ஹிசா கருவுற்ற விலங்கின் இரத்த ஊனீரைக் கருவுறாத கினிப்பன்றிக்குச் செலுத்தினார். அதன் இடுப்பும் நெகிழ்ந்தது. ஊனீரிலிருந்து இடுப்பை நெகிழவைத்த பொருளுக்கு ரிலாக்சின் என்று பின்னால் பெயர் வந்தது. ஆனால் கினிப்பன்றி இளமையிலேயே முதல் ஈற்றை ஈன்றிருக்க வேண்டும். ஏழெட்டு மாதம் தாண்டிவிட்டால் சந்திப்பு இறுகிவிடும், குட்டி வெளிவர முடியாமல் தாய்க்கு உயிராபத்து நேரும். காலம் தப்பினால் அதன் இடுப்பும் மனிதத் தாடையின் வழிக்குப் போய்விடுகிறது.

மறுபடியும் கொந்தகைக்கு வருவோம். அங்கே எடுத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுவியல் துறை ஆராய்ந்து வருகிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் அங்குக் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு கணினியில் மீட்டெடுத்த இரண்டு ஆண் முகங்கள் 2025இல் வெளியாகி ஊரெல்லாம் பேசப்பட்டன. முகத்தைப் பார்த்தவர்கள் அடுத்துக் கேட்பது வயது. வயதைச் சொல்வதில் நம் இரண்டு சந்திப்புகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பது தகும்.

தாடைச் சந்திப்பு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும்: இறந்தவர் கைக்குழந்தையா, அதைத் தாண்டியவரா. மூடியபின் அது வாய் திறப்பதில்லை. ஆறு வயதுச் சிறுவனுக்கும் அறுபது வயதுக் கிழவருக்கும் அந்த நடுக்கோடு ஒன்றுபோலவே இருக்கும். அதன்பின் தாடையில் வயதைச் சொல்பவை பற்களே.

இடுப்புச் சந்திப்போ ஆயுள் முழுவதும் குறிப்பெழுதிக்கொண்டே இருக்கிறது. இளைஞரின் பூப்பெலும்பு முகம் புதிதாக உழுத வயலைப் போலச் சாலும் வரப்புமாக இருக்கும். இருபதுகளில் சால்கள் நிரம்பத் தொடங்கும். பின்னர் முகம் சமமாகி, ஓரம் தடித்து, ஒரு விளிம்பு சுற்றிவரும். முதுமையில் அந்த விளிம்பு அரித்து, முகத்தில் குழிகளும் துளைகளும் விழும். கிளீவ்லாந்தில் பணியாற்றிய டி. விங்கேட் டாட் 1920இல் இந்த மாற்றங்களைப் பத்துப் படிகளாகப் பிரித்தார். கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளைக் கொண்டு மெக்கெர்னும் ஸ்டீவர்ட்டும் 1957இல் வேறொரு முறையைத் தந்தார்கள். ஜூடி சூச்சியும் ஷீலா புரூக்ஸும் லாஸ் ஏஞ்சலிஸ் பிணக்கூறாய்வுகளில் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூப்பெலும்புகளைக் கொண்டு 1990இல் இந்த மாற்றங்களை ஆறு படிகளாக்கினார்கள். இன்றைக்குப் பெரிதும் பயன்படுவது அதுதான். முதல் படியில் ஆண்களின் சராசரி வயது 18.5; ஆறாம் படியில் 61.2.

திறந்திருப்பதால் எழுத முடிகிறது. ஆனால் எழுத்து தெளிவாக இருப்பதில்லை. ஆறாம் படியில் அடங்குவோர் முப்பது நடுவயதிலிருந்து எண்பதுக்கு மேல் வரை பரந்திருக்கிறார்கள். சந்திப்பின் பின்புறமுள்ள குழிகளை எண்ணிப் பெண்ணின் பிரசவங்களைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. பிள்ளை பெறாதவர்களுக்கும் குழிகள் உண்டு. பலமுறை பெற்றவர்களுக்கு இல்லாமலும் போகும். மேலும் இந்தப் படிகள் எல்லாம் அமெரிக்க எலும்புகளிலிருந்து வந்தவை. வைகைக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து உழுது சுமந்தவரின் இடுப்புக்கு அவை அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. தமிழ்நாட்டு எலும்புகளிலிருந்தே ஓர் அளவுகோல் பரவலாக எழ வேண்டும் என்பது என் விருப்பம். கொந்தகையும் ஆதிச்சநல்லூரும் அதைக் கேட்கின்றன.

இயற்கை மூடியதையும் மூடாததையும் மனிதக் கை திறந்து பார்த்த வரலாறும் இரண்டுக்கும் உண்டு. 1777இல் பாரிஸில் ழான் ரெனே சிகோல் என்ற மருத்துவர், முந்தைய பிரசவங்களில் குழந்தைகளை இழந்திருந்த மதாம் சூஷோ என்ற பெண்ணின் இடுப்புச் சந்திப்பைக் கத்தியால் வெட்டி விரித்துக் குழந்தையை எடுத்தார். தாயும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. ஆனால் தாய்க்கு நடையில் தடுமாற்றமும் சிறுநீர்க் கசிவும் தங்கிவிட்டன. வயிற்றைக் கிழித்து எடுக்கும் முறை அப்போது கிட்டத்தட்ட மரணமாக இருந்ததால் இது ஒரு மாற்றுவழியாகப் பட்டது. ஆனால் அயர்லாந்தில், பாதுகாப்பான அறுவைப் பிரசவம் வந்தபிறகும், 1940களிலிருந்து 1980கள் வரை ஏறக்குறைய 1,500 பெண்களுக்கு இதைச் செய்தார்கள். பலரிடம் கேட்கக்கூட இல்லை. நடக்க முடியாமலும் வலியோடும் வாழ்ந்த அந்தப் பெண்களுக்கு அந்நாட்டு அரசு 2014இல்தான் இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. திறந்தே இருக்கும் சந்திப்பு என்பதால் வெட்டுவது எளிது. ஆனால் வெட்டியதைத் தாங்கிக்கொண்டு நடக்க வேண்டியவர் அந்தப் பெண்.

தாடையிலும் அதே வெட்டு உண்டு. நாக்கின் அடியிலோ தொண்டையின் முகப்பிலோ புற்றுநோய் வந்து, வாய் வழியாக எட்ட முடியாதபோது, அறுவை மருத்துவர் கீழுதட்டையும் தாடையையும் நடுவிலோ நடுவை ஒட்டியோ பிளந்து இரு கதவுகளைப்போல விரிக்கிறார். பிரெஞ்சு மருத்துவர் ரூ 1836இல் செய்ததிலிருந்து இம்முறை வளர்ந்து வந்தது. வெற்றிலையும் புகையிலையும் விட்டுச்செல்லும் வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு இது புதிதன்று. வேலை முடிந்ததும் உலோகத் தகடும் திருகாணியும் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்; சில வாரங்களில் எலும்பு சேர்ந்துவிடுகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒட்டிய இடத்தைத் திறந்தால் அது மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத இடத்தை அறுத்துப் பிரித்தால் அது முன்போல ஆவது அரிது. இது நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். நெகிழ்வானது எளிதில் ஆறும், இறுகியது ஆறாது என்றே பொதுவாக நினைப்போம். ஆனால் எலும்பு எலும்பைப் புதுப்பித்துக்கொள்ளும். நார்க்குருத்துக்கு அந்தத் திறமை மிகக் குறைவு.

இத்தனை நேரம் தனித்தனியே பார்த்த இரண்டு சந்திப்புகளும் நேருக்கு நேர் சந்திக்கும் தருணம் ஒன்று உண்டு. சாக்கோட்டையிலிருந்து பிரசவத்துக்குக் காரைக்குடிக்கோ சிவகங்கைக்கோ போகும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை மோவாயை மார்பில் பதித்துக்கொண்டு, தலையைக் குனிந்து வரும். அப்போது தாயின் இடுப்புச் சந்திப்புக்கு அடியில் வந்து அமர்வது குழந்தையின் பிடரி. மோவாய் கடைசியாகப் பின்புறம் வழியே வெளிவரும். ஆனால் ஏறத்தாழ ஐந்நூறு, அறுநூறு பிரசவங்களில் ஒன்றில் குழந்தை தலையை முழுவதும் பின்னால் அண்ணாந்து, முகத்தை முன்வைத்து வருகிறது. அப்போது மருத்துவர் கையால் தேடும் அடையாளம் மோவாய். அது எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மோவாய் தாயின் முன்பக்கம் நோக்கியிருந்தால், அது இடுப்புச் சந்திப்புக்கு அடியில் வந்து அமர்கிறது. தாயின் திறந்த சந்திப்பு மேலே. குழந்தையின் இன்னும் மூடாத சந்திப்பு கீழே. அதையே ஊன்றுகோலாகக் கொண்டு தலை குனிகிறது; வாய், மூக்கு, கண், நெற்றி, உச்சி என்று வரிசையாக வெளிவருகின்றன. மோவாய் பின்பக்கம் திருவெலும்பை நோக்கி நின்று, திரும்பவும் மறுத்துவிட்டால், நிறைமாதக் குழந்தை அவ்வழியே வர முடியாது, அறுவைதான். காரணம் வெறும் நீளக் கணக்கு. முன்பக்கச் சுவர் என்பது அந்தச் சந்திப்பு மட்டுமே, நாலைந்து சென்டிமீட்டர் உயரம். குழந்தையின் கழுத்து அதைத் தாண்டிவிடும். பின்பக்கச் சுவரான திருவெலும்பு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதைத் தாண்ட எந்தக் குழந்தையின் கழுத்துக்கும் நீளம் போதாது. நல்லவேளையாக, பின்னோக்கி வரும் மோவாய்களில் பெரும்பாலானவை பிரசவ வலி முற்றும்போது தாமே முன்பக்கம் திரும்பி, அந்தக் குட்டைச் சுவரின் அடிக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.